ப்ராக்ஸ்மாக்ஸ் விஇ 9 விமர்சனம்: எதையும் அழித்துக் கட்டலாம், ஹோஸ்ட்டைத் தவிர

ப்ராக்ஸ்மாக்ஸ் விஇ என்பது ஒரே கணினிக்குள் பல விர்ச்சுவல் மெஷின்களையும் (கணினிக்குள் தனிக் கணினிகள்) கண்டெய்னர்களையும் (ஹோஸ்ட்டின் கர்னலைப் பகிரும் இலகுவான தனி அறைகள்) ஓட்டும் மென்பொருள்; தாங்கும் அந்தக் கணினிதான் ஹோஸ்ட். வீட்டு சர்வரில் இதைப் போடுவதற்கு உருப்படியான காரணம் ஒன்றுதான். அதன் மேல் ஓடும் எந்த விர்ச்சுவல் மெஷினையும் கண்டெய்னரையும் தயக்கமில்லாமல் அழித்துவிட்டு, சில நிமிடங்களில் திரும்பக் கட்டிவிடலாம். வண்ண வரைபடங்கள், கிளஸ்டர் (பல சர்வர்களை ஒன்றாகக் கட்டுவது), ஒரு சர்வர் விழுந்தால் இன்னொன்று ஏற்கும் வசதி எல்லாம் ஒற்றைப் பெட்டி வைத்திருப்பவருக்கு அலங்காரம். பலவீனமும் இதே இடத்தில்தான் இருக்கிறது. மேலே ஓடுவதையெல்லாம் காப்பாற்றும் இந்த மென்பொருள், அடியில் தாங்கும் ஹோஸ்ட்டைக் காப்பாற்றத் தானாக எதுவும் செய்வதில்லை. அந்த வேலையை ஆன்சிபிளும் (சர்வர் அமைப்பை எழுதிவைத்து ஓட்டும் தானியக்கக் கருவி) ஒரு பதில் கோப்பும் (இன்ஸ்டாலரின் கேள்விகளுக்கு முன்கூட்டியே எழுதிய விடைகள்) ஏற்றுக்கொண்டால் இது மிக நல்ல அடித்தளம். அந்த உழைப்புக்கு மனமில்லை என்றால் வெறும் டெபியன் லினக்ஸ் போதும்.

தயாரிப்பது வியன்னாவில் இருக்கும் நிறுவனம். முதல் பதிப்பு 2008-ல் வந்தது. உரிமம் திறமூல ஏஜிபிஎல் 3. பதிப்பு 9 டெபியன் 13-ன் மேல் கட்டப்பட்டு 2025 ஆகஸ்டில் வெளியானது. பதிப்பு 8-க்கான ஆதரவு 2026 ஆகஸ்டுடன் முடிகிறது. கேவிஎம் மெஷின்களையும் எல்எக்ஸ்சி கண்டெய்னர்களையும் 8006 போர்ட்டில் திறக்கும் ஒரே வலைப்பக்கத்திலிருந்து நடத்தலாம். சந்தா கட்டாதவர்களுக்கு எந்த வசதியும் மறுக்கப்படுவதில்லை. சந்தா வாங்கினால் கிடைப்பது கூடுதலாகச் சோதிக்கப்பட்ட தொகுப்புக் களஞ்சியமும், திட்டத்தைப் பொறுத்து ஆதரவும்தான்.

ஒரே ஒரு டாக்கர் கம்போஸ் கோப்பில் (சேவைகளைக் கண்டெய்னர்களாக ஓட்டச் சொல்லும் பட்டியல்) நான்கு சேவைகள் ஓட்டுபவருக்கு இது தேவையில்லை. டெபியன், டாக்கர், ஒரு ஆன்சிபிள் ப்ளேபுக் (பணிப் பட்டியல்), இரவில் ரெஸ்டிக் பேக்கப். அவ்வளவே. இடையில் ஓர் அடுக்கைக் கூட்டினால் பார்த்துக்கொள்ள இன்னொரு பொருள் கூடும். ஹோம் அசிஸ்டன்ட் ஓஎஸ் மாதிரி தனி மெஷினாகவே ஓட விரும்பும் ஒன்று, டாக்கருக்கு ஒரு மெஷின், கிறுக்கிப் பார்க்க இன்னும் இரண்டு என்று போகிறவர்களுக்குத்தான் பலன்.

நிறுவும்போது

இன்ஸ்டாலர் சுலபம். அந்தச் சுலபத்திலேயே சில பொறிகள் உண்டு. தேர்ந்தெடுத்த டிஸ்க் முழுவதையும் அது எடுத்துக்கொள்ளும். இன்னொரு இயங்குதளத்துடன் பங்குபோட வழி தராது. முகவரித் திரையில் ரூட்டர் கொடுத்த ஐபி தானாக நிரம்பியிருக்கும். பார்ப்பதற்கு டிஹெச்சிபி (ரூட்டர் தானாக முகவரி வழங்கும் முறை) மாதிரி தெரிந்தாலும், அடுத்த பொத்தானை அழுத்தியதும் அது நிலையான முகவரியாக எழுதப்பட்டுவிடும். ரூட்டருக்கு இது தெரியாது. சில வாரம் கழித்து அதே எண்ணை ஒரு கைபேசிக்குக் கொடுக்கும்; சர்வர் விட்டுவிட்டு மறையும். ரூட்டரின் டிஹெச்சிபி வரம்புக்கு வெளியே உள்ள எண்ணை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். பின்னால் ஐபி மாற்ற வேண்டி வந்தால் இரண்டு இடத்தில் மாற்ற வேண்டும்: ஈடிசி கோப்புறைக்குள் நெட்வொர்க் அமைப்பிலும், ஹோஸ்ட்ஸ் கோப்பிலும். இரண்டாவதை மறந்தால் ஹோஸ்ட்டின் பெயர் பழைய எண்ணைக் காட்டும், கிளஸ்டர் கோப்பு முறைமை சேவை குழம்பும், வலைப்பக்கமும் அதோடு போகும்.

முதல் புதுப்பிப்பிலேயே 401 என்ற பிழை வரும். நெட்வொர்க்கில் கோளாறு இல்லை. சந்தாதாரர் களஞ்சியம் இயல்பாகவே இயக்கப்பட்டிருக்கும், சாவி இல்லாதவரை அது உள்ளே விடாது. களஞ்சியப் பக்கத்தில் அதை அணைத்து, சந்தா இல்லாதவர்களுக்கான களஞ்சியத்தைச் சேர்த்தால் சரியாகும். செஃப் (பல சர்வர்களின் டிஸ்க்குகளை இணைக்கும் சேமிப்பகம்) களஞ்சியமும் இயக்கத்தில் இருந்தால் அதையும் அணைக்க வேண்டும். உள்நுழையும்போதெல்லாம் தோன்றும் சந்தா அறிவிப்பை நீக்க ஜாவாஸ்கிரிப்ட் கோப்பைத் திருத்தும் ஒட்டுகள் நிறையச் சுற்றுகின்றன. ஒவ்வொரு புதுப்பிப்பிலும் அந்தத் திருத்தம் அழியும்; ஒரு க்ளிக் மிச்சம் பிடிக்க ரூட் அனுமதியில் அந்நிய ஸ்கிரிப்ட் ஓட்டுவது நஷ்டக் கணக்கு.

இன்னொரு விதி: ஹோஸ்ட்டில் சாதாரண அப்கிரேட் கட்டளை ஓட்டவே கூடாது, எப்போதும் டிஸ்ட்-அப்கிரேட். ப்ராக்ஸ்மாக்ஸ் தன் தொகுப்புகளுக்கு இடையிலான சார்புகளைப் பதிப்புக்குப் பதிப்பு மாற்றுகிறது. சாதாரண அப்கிரேட் புதிய தொகுப்பு தேவைப்படும் இடங்களைத் தாண்டிப் போய், பாதி புதிதும் பாதி பழையதுமாக விட்டுவிடும். ஆன்சிபிளின் ஆப்ட் மாட்யூலில் அப்கிரேட் மதிப்பை 'டிஸ்ட்' என்று எழுத மறப்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

டிஸ்க்: ஒருமுறை தேர்ந்தால் ஒட்டிக்கொள்ளும் முடிவு

ஒரே எஸ்எஸ்டி இருந்தால் ஈஎக்ஸ்டி4-ஐத் தேர்ந்தெடுங்கள். டிஸ்க்கின் சிறு பகுதி 'லோக்கல்' என்றும், பெரும்பகுதி 'லோக்கல்-எல்விஎம்' என்ற தின் பூலாகவும் (எழுத எழுத மட்டும் இடம் ஒதுக்கும் சேமிப்பகம்) பிரியும். ஐஎஸ்ஓ கோப்புகளும், வேறு இடம் காட்டாவிட்டால் பேக்கப்புகளும் லோக்கலில் விழும். அது ரூட் பகுதியே என்பதால் நிரம்பினால் அமைப்புத் தரவுத்தளம் எழுத இடமில்லாமல் போய், வலைப்பக்கத்தில் உள்நுழையக்கூட முடியாது. முதல் நாளே பேக்கப் இலக்கை வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள்.

தின் பூலின் ஆபத்து வேறு மாதிரி. 200 ஜிபி பூலில் 100 ஜிபி டிஸ்க் ஐந்து உருவாக்கினாலும் அது தடுக்காது. உண்மையில் எழுதப்பட்டது மட்டுமே கணக்கில் ஏறும். பூல் 100 சதவீதத்தைத் தொட்டால் எல்லா மெஷின்களுக்கும் ஒரே நேரத்தில் எழுதும் பிழை வரும். சில கோப்பு முறைமைகள் சேதமாகும். இதை மோசமாக்குவது, மெஷினுக்குள் கோப்பை அழித்தாலும் பூலுக்கு இடம் திரும்பாதது. அதற்கு மெஷினின் டிஸ்க் அமைப்பில் டிஸ்கார்ட் பெட்டியை டிக் செய்ய வேண்டும். இயல்பாக அது அணைந்திருக்கும். மெஷினுக்குள் வாராந்திர டிரிம் டைமரும் (காலியான இடத்தை டிஸ்க்குக்குத் தெரிவிக்கும் வேலை) ஓட வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் பலனில்லை. கண்டெய்னர்களுக்கு டிரிம்மை ஹோஸ்ட்டிலிருந்து தனிக் கட்டளையாக ஓட்டலாம். பூல் 80 சதவீதம் தாண்டினால் எச்சரிக்கை வரும்படி ஏதாவது ஒன்றை அமைத்துவிடுங்கள்.

இரண்டு டிஸ்க் இருந்தால் இசட்எஃப்எஸ் மிரர் (ஒரே தரவை இரண்டு டிஸ்க்கிலும் எழுதும் கோப்பு முறைமை அமைப்பு). இதை மனதாரப் பரிந்துரைக்கலாம், மூன்று நிபந்தனைகளோடு. முதலாவது, ரேம். பழைய பதிப்புகளில் இசட்எஃப்எஸ் தற்காலிகச் சேமிப்பு மொத்த ரேமில் பாதிவரை போகும், 8.1-லிருந்து புதிதாக நிறுவும்போது 10 சதவீதம், அதிகபட்சம் 16 ஜிபி என்று வரம்பு வைக்கிறார்கள். பழைய நிறுவலை மேம்படுத்தியவர்களுக்கு இந்த வரம்பு தானாக வராது. இரண்டாவது, டிஸ்க்கின் வகை. மின்வெட்டுப் பாதுகாப்பு மின்தேக்கி இல்லாத மலிவு எஸ்எஸ்டிகளில் ஒத்திசைவான எழுத்து மெதுவாகும், தேய்மானமும் கூடும். எஸ்எம்ஆர் வகை வன்தட்டுகளை மிரரில் போட்டால், ஒன்று கெட்டு மாற்றும்போது மறுநிரப்பல் நாள்கணக்கில் இழுக்கும். கிளஸ்டர் இல்லாத ஒற்றைப் பெட்டியில் ஹெச்ஏ சேவைகள் (ஒரு சர்வர் விழுந்தால் இன்னொன்று ஏற்க உதவுபவை) இரண்டையும் நிறுத்திவிட்டால் சின்னச் சின்ன எழுத்துகள் கொஞ்சம் குறையும்.

மூன்றாவது பலருக்கும் டிஸ்க் கெட்ட பிறகுதான் தெரியவரும். மிரரில் ஒரு டிஸ்க்கை மாற்றும்போது பூலில் ரீப்ளேஸ் கட்டளை கொடுத்தால் தரவு முழுதாகச் சேர்ந்துவிடும், நிலையும் பச்சையாகக் காட்டும். ஆனால் பூட் பகுதி பூலுக்கு வெளியே இருக்கிறது. நல்ல டிஸ்க்கின் பகிர்வு அட்டவணையைப் புதியதற்கு நகலெடுத்து, அதன் அடையாள எண்களைப் புதிதாக்கி, மூன்றாவது பகிர்வை மட்டும் பூலுக்குக் கொடுத்து, இரண்டாவது பகிர்வை ப்ராக்ஸ்மாக்ஸ்-பூட்-டூல் கொண்டு ஃபார்மட் செய்து இனிட் செய்ய வேண்டும். இதை விட்டுவிட்டால், மிச்சமிருக்கும் பழைய டிஸ்க் அடுத்துக் கெடும் நாளில் தரவு முழுசாக இருக்கும், பெட்டி மட்டும் எழாது.

இசட்எஃப்எஸ் ரூட்டில், செக்யூர் பூட் இல்லாத யூஈஎஃப்ஐ நிறுவல்களில் க்ரப் கிடையாது, சிஸ்டம்டி-பூட் ஓடும் (இரண்டும் கர்னலை எழுப்பும் பூட்லோடர்கள்). கர்னல் அளவுருவை க்ரப் கோப்பில் எழுதி மணிக்கணக்கில் விழிப்பதைத் தவிர்க்க, ஈடிசி கர்னல் கோப்புறையில் உள்ள சிஎம்டிலைன் கோப்பைத் திருத்தி, பிறகு பூட்-டூலில் ரிஃப்ரெஷ் கொடுங்கள்.

நெட்வொர்க்

விஎம்பிஆர்0 என்ற ப்ரிட்ஜுக்கு (மெஷின்களை வீட்டு நெட்வொர்க்கோடு இணைக்கும் மென்பொருள் ஸ்விட்ச்) ஹோஸ்ட்டின் ஐபி. அதற்குள் உண்மையான ஈதர்நெட் கார்டு. வீட்டில் இதைத் தாண்டி வேறு எதுவும் பெரும்பாலும் தேவைப்படாது. வைஃபையை இப்படி ப்ரிட்ஜில் சேர்க்க முடியாது என்பதால் கேபிள் கட்டாயம்.

அடிக்கடி நிகழும் விபத்து: ஒரு கிராஃபிக்ஸ் கார்டோ கூடுதல் என்விஎம்ஈ டிஸ்க்கோ சொருகியதும் சர்வர் நெட்வொர்க்கிலிருந்து காணாமல் போகும். பிசிஐ வரிசை எண் மாறி, ஈதர்நெட் கார்டின் பெயர் ஒன்று தள்ளிப்போயிருக்கும். ப்ரிட்ஜ் பழைய பெயரைத் தேடிக்கொண்டிருக்கும். மானிட்டரும் விசைப்பலகையும் மாட்டி, ப்ரிட்ஜ்-போர்ட்ஸ் வரியில் புதிய பெயரை எழுதித்தான் மீட்க வேண்டும். வராமல் தடுக்க, கார்டின் மேக் முகவரியை வைத்துப் பெயரை நிலையாக்கும் சிஸ்டம்டி லிங்க் கோப்பு போதும். பதிப்பு 9-ல் இதற்கென ஒரு கருவியே சேர்த்திருக்கிறார்கள். ஆன்சிபிளில் எழுதும் முதல் பணி இதுவாகவே இருக்கட்டும்.

பழைய மினி பிசிகளில் இன்டெல் ஈ1000ஈ டிரைவர் அதிகச் சுமையில் தொங்கிப்போவது இன்னொரு பழைய நோய். கர்னல் பதிவில் 'ஹார்ட்வேர் யூனிட் ஹேங்' என்று வந்தால் ஈத்டூல் கொண்டு டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ இரண்டையும் அணையுங்கள். அதை நெட்வொர்க் கோப்பில் போஸ்ட்-அப் வரியாக எழுதினால்தான் மறுதொடக்கத்துக்குப் பிறகும் நிலைக்கும்.

மெஷினா, கண்டெய்னரா

எல்எக்ஸ்சி சில விநாடியில் எழும், ரேம் குறைவாகத் தின்னும், ஹோஸ்ட்டின் கர்னலையே பகிரும். டிஎன்எஸ் தடுப்பான் (விளம்பரத் தளங்களின் பெயரை மறிப்பது), ரிவர்ஸ் ப்ராக்ஸி (வரும் கோரிக்கைகளைச் சேவைகளுக்குப் பிரித்தனுப்புவது), ஜெல்லிஃபின் (வீடியோ சர்வர்) போன்றவற்றுக்கு அருமை. கிராஃபிக்ஸ் சிப்பைப் பல கண்டெய்னர்கள் பகிரலாம். ரெண்டர் சாதனத்தை வலைப்பக்கத்திலேயே சேர்க்க முடிகிறது. கண்டெய்னருக்குள் ரெண்டர் குழுவின் எண் என்னவோ அதையே கொடுக்க வேண்டும். ஹோஸ்ட்டின் எண்ணைக் கொடுத்தால் சாதனம் தெரியும், திறக்காது.

அனுமதிச் சிக்கல்தான் எல்எக்ஸ்சியின் நிரந்தரத் தலைவலி. சலுகையற்ற கண்டெய்னரில் (உள்ளே ரூட் என்றாலும் ஹோஸ்ட்டில் ரூட் அல்ல) பயனர் எண் 1000 என்பது ஹோஸ்ட்டின் பார்வையில் 101000. ஹோஸ்ட் கோப்புறை ஒன்றை உள்ளே மவுண்ட் செய்து 'அனுமதி இல்லை' என்று வந்தால் காரணம் இந்த 100000 இடைவெளிதான். கோப்புறையின் உரிமையை 101000-க்கு மாற்றினால் முடிந்தது. இதற்குப் பயந்து சலுகையுள்ள கண்டெய்னருக்குத் தாவுவதும், எல்லாருக்கும் 777 (முழு அனுமதி) கொடுப்பதும் வேண்டாத வேலை.

டாக்கரை எல்எக்ஸ்சிக்குள் ஓட்டலாமா? நெஸ்டிங், கீசிடிஎல் என்ற விருப்பங்கள் இரண்டையும் இயக்கினால் ஓடும். இன்றைக்கு ஓடும். கர்னல், ஆப்ஆர்மர், ரன்சி மூன்றில் எதில் பாதுகாப்புத் திருத்தம் வந்தாலும் நாளைக்கு ஓடாமல் போகலாம். ப்ராக்ஸ்மாக்ஸின் சொந்தக் கையேடே டாக்கருக்கு மெஷினைத்தான் சொல்கிறது. 2 கோர், 4 ஜிபி ரேமில் ஒரு டெபியன் மெஷின் எடுத்து அதில் எல்லாக் கம்போஸ் கோப்புகளையும் வையுங்கள். 9.1-ல் ஓசிஐ (டாக்கர் பயன்படுத்தும் வடிவம்) பிம்பங்களிலிருந்து நேரடியாகக் கண்டெய்னர் உருவாக்கும் வசதி வந்திருக்கிறது. முன்னோட்ட நிலையில் இருப்பதால் அதன் மேல் எதையும் நம்பி வைக்க வேண்டாம்.

மெஷின் உருவாக்கும்போது சிபியு வகையைக் கவனிக்க வேண்டும். இயல்பான எக்ஸ்86-64-வி2-ஏஈஎஸ் வகையில் ஏவிஎக்ஸ் (சிபியுவின் கூடுதல் கட்டளைத் தொகுதி) கிடையாது. மாங்கோடிபி 5-ம் அதற்குப் பிந்தையவையும் ஏவிஎக்ஸ் இல்லாமல் எழுந்தவுடன் விழும். பதிவில் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' மட்டும் இருக்கும். ஒற்றைப் பெட்டியில் 'ஹோஸ்ட்' வகை வைப்பதில் இழப்பில்லை.

தானியக்கம்: இங்கேதான் இதன் மதிப்பு தெரிகிறது

வலைப்பக்கத்தில் க்ளிக் செய்யும் ஒவ்வொன்றும் பின்னால் ஏபிஐ (நிரல்கள் கட்டளையிடும் வழி) அழைப்புதான். அதனால் மெஷினை உருவாக்க ஓபன்டோஃபு, உள்ளே நிரப்ப ஆன்சிபிள் என்று வேலையைப் பிரிக்கலாம். டெர்ராஃபார்ம் என்ற அதே வகைக் கருவி 2023-ல் திறமூல உரிமத்திலிருந்து விலகியதும் பிறந்த கிளைதான் ஓபன்டோஃபு, 1.7 பதிப்பிலிருந்து நிலைக் கோப்பை (உருவாக்கியவற்றின் பதிவு) குறியாக்கம் செய்யும் வசதியும் அதில் உண்டு. வீட்டில் இது முக்கியம், ஏனென்றால் அந்தக் கோப்பில் கடவுச்சொற்கள் அப்படியே எழுத்தாகக் கிடக்கும்.

அடிப்படை டெம்ப்ளேட் (குளோன் எடுப்பதற்கான அச்சு) இப்படி. டெபியன் கிளவுட் பிம்பங்களில் 'ஜெனரிக்' என்பதை எடுங்கள். 'ஜெனரிக்கிளவுட்' குறைந்த டிரைவர்களோடு வருவதால் சில அமைப்புகளில் கிளவுட்-இனிட் (முதல் துவக்கத்தில் பெயர், ஐபி, சாவி நிரப்பும் கருவி) டிரைவையே பார்க்காது. டிஸ்க் இல்லாமல் 9000 என்ற எண்ணில் ஒரு மெஷின், 2048 எம்பி ரேம், விர்ட்ஐஓ எஸ்சிஎஸ்ஐ சிங்கிள் கன்ட்ரோலர். பிம்பத்தை இறக்குமதி செய்து எஸ்சிஎஸ்ஐ 0-ல் டிஸ்கார்டுடன் மாட்டுங்கள். கிளவுட்-இனிட் டிரைவ் ஒன்று, பூட் வரிசையில் எஸ்சிஎஸ்ஐ 0, ஒரு சீரியல் போர்ட், ஏஜென்ட் (மெஷினுக்குள்ளிருந்து ஹோஸ்ட்டோடு பேசும் நிரல்) விருப்பம் இயக்கம். டெம்ப்ளேட்டாக மாற்றுங்கள். பிம்பத்தின் டிஸ்க் மிகச் சிறியது. குளோன் எடுத்தபின் 20 ஜிபி என்று நீட்டினால் முதல் துவக்கத்தில் கோப்பு முறைமை தானாக விரியும்.

டெம்ப்ளேட்டாக மாற்றும் முன் அந்த மெஷினை ஒருமுறைகூட இயக்காதீர்கள். இயக்கினால் மெஷின்-ஐடி எழுதப்பட்டுவிடும். பிறகு எல்லாக் குளோன்களுக்கும் அதே ஐடி. டிஹெச்சிபி அடையாளம் அதிலிருந்து உருவாவதால் இரண்டு மெஷின்கள் ஒரே ஐபிக்கு அடித்துக்கொள்ளும். மேக் முகவரி வேறு வேறாக இருப்பதைப் பார்த்து ரூட்டர்மேல் சந்தேகப்படுவார்கள். விர்ட்-கஸ்டமைஸ் கொண்டு பிம்பத்தில் ஏஜென்ட் தொகுப்பைச் சேர்த்தாலும் இதே நடக்கும்; கடைசி வேலையாக மெஷின்-ஐடி கோப்பைக் காலியாக்குங்கள். அழிக்க வேண்டாம், காலியாக்கினால் போதும்.

ஏஜென்ட் தொகுப்பைச் சேர்க்காமல் விடவும் முடியாது. கிளவுட் பிம்பத்தில் க்யூஈஎம்யூ கெஸ்ட் ஏஜென்ட் இருக்காது. அமைப்பில் ஏஜென்ட் இயக்கம் என்று சொல்லியிருந்தால், பிபிஜி ப்ரொவைடர் (ஓபன்டோஃபுவை ப்ராக்ஸ்மாக்ஸோடு பேசவைக்கும் செருகு) அதன் பதிலுக்காகக் கால் மணி நேரம் காத்திருக்கும். மெஷின் என்னவோ நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

ஏபிஐ டோக்கன் உருவாக்கும்போது 'ப்ரிவிலேஜ் செபரேஷன்' பெட்டி டிக் ஆகியே இருக்கும். அப்படியே விட்டால், பயனருக்கு முழு உரிமை இருந்தாலும் டோக்கனுக்கு ஒன்றும் இருக்காது. குழப்பம் என்னவென்றால், பல அழைப்புகளில் பிழை வராது. மெஷின்களின் பட்டியல் காலியாக வரும். டோக்கனுக்கென்றே தனியாக உரிமை வழங்குவது சரியான வழி. கிளவுட்-இனிட் துண்டுக் கோப்புகளைப் பதிவேற்ற பிபிஜி ப்ரொவைடருக்கு எஸ்எஸ்ஹெச் அணுகலும் வேண்டும், டோக்கன் மட்டும் போதாது.

கிளவுட்-இனிட் அமைப்பைப் பிறகு திருத்தினால், ப்ராக்ஸ்மாக்ஸ் புதிய இன்ஸ்டன்ஸ் ஐடி கொடுக்கும். அடுத்த துவக்கத்தில் எல்லாம் முதலிலிருந்து ஓடும். எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் சாவிகள் மாறும். ஆன்சிபிள் இணைய மறுக்கும். டிஎன்எஸ் எண்ணை மட்டும் மாற்றியதற்கு இவ்வளவு நடந்துவிட்டதா என்று தோன்றும். முதல் துவக்கத்துக்குப் பிறகு கிளவுட்-இனிட்டைத் தொடாமல், மாற்றங்களை ஆன்சிபிளில் செய்வது நிம்மதி.

ஆன்சிபிள் பற்றி இரண்டு எச்சரிக்கைகள் போதும். ஹேண்ட்லர்கள் (ஏதாவது மாறினால் மட்டும் ஓடும் பணிகள், சேவை மறுதொடக்கம் போல) ப்ளேயின் முடிவில்தான் ஓடும். அமைப்புக் கோப்பு மாறியபின், நடுவில் வேறொரு பணி தோற்றால் சேவை மறுதொடக்கம் ஆகாது. பிழையைச் சரிசெய்து மறுபடி ஓட்டும்போது கோப்பு ஏற்கெனவே மாறியிருப்பதால் 'மாற்றமில்லை' என்று வரும். ஹேண்ட்லர் அப்போதும் ஓடாது. சேவை பழைய அமைப்பிலேயே மாதக்கணக்கில் ஓடி, ஒருநாள் மின்வெட்டுக்குப் பிறகு புதிய அமைப்போடு எழுந்து திகைக்க வைக்கும். ஃபோர்ஸ்-ஹேண்ட்லர்ஸ் விருப்பத்தை அமைப்புக் கோப்பிலேயே இயக்கிவிடுங்கள். இரண்டாவது, பட்டியலிலிருந்து ஒன்றை நீக்கினால் சர்வரிலிருந்து அது நீங்காது. ஆன்சிபிளுக்கு நேற்றைய நினைவு கிடையாது. நீக்க வேண்டியதை 'இல்லாத நிலை' என்று வெளிப்படையாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் மெஷினையே அழித்துக் கட்ட வேண்டும். ப்ராக்ஸ்மாக்ஸ் இருப்பதால் இரண்டாவது வழி மலிவு. குப்பை சேர்ந்த மெஷினைச் சுத்தம் செய்வதைவிட அதுவே வேகம்.

டாக்கர் மெஷினுக்கான ப்ளேபுக்கில் இரண்டு வரி மறக்கக் கூடாதவை: பதிவுக் கோப்புக்கு 10 எம்பி வரம்பு, மூன்று கோப்புகள் மட்டும். இயல்பான ஜேசன் பதிவுக்கு வரம்பே இல்லை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளப் பிம்பத்தில் 'லேட்டஸ்ட்' என்று எழுதுவதும் தற்கொலை. 16-லிருந்து 17-க்குத் தாவினால் பழைய தரவுக் கோப்புறையை அது திறக்காது. டாக்கர் திறக்கும் போர்ட்டுகள் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலின் தடுப்பைத் தாண்டிப்போகும் என்பதையும் நினைவில் வைத்து, ரிவர்ஸ் ப்ராக்ஸியின் பின்னால் இருப்பவற்றை 127.0.0.1-ல் (அந்த மெஷினுக்குள் மட்டும் எட்டும் முகவரி) கட்டுங்கள்.

கிட் களஞ்சியமும் ஓபன்டோஃபு நிலைக் கோப்பும் இதே சர்வரில் ஓடும் ஃபோர்ஜெயோ என்ற கிட் சர்வரில் மட்டும் இருந்தால், சர்வர் போகும் நாளில் அதைக் கட்டும் வரைபடமும் சேர்ந்து போகும். டிஎன்எஸ்ஸும் அப்படியே: ஹோஸ்ட் தன் மேல் ஓடும் பை-ஹோல் என்ற டிஎன்எஸ் தடுப்பானையே நம்பியிருந்தால், அந்தக் கண்டெய்னர் எழும்வரை ஹோஸ்ட்டுக்கு எந்தப் பெயரும் தெரியாது. பெயரால் மவுண்ட் செய்யும் சேமிப்பகங்கள் தோற்கும். ஹோஸ்ட்டுக்கு ரூட்டரின் டிஎன்எஸ் கொடுங்கள்.

இணையத்தில் பிரபலமான ஒரு-வரி உதவி ஸ்கிரிப்டுகளுக்கு ஒரு சொல். ஒரு சேவை பிடிக்கிறதா என்று அரை மணி நேரத்தில் பார்க்க அவை சரியானவை. பிடித்துவிட்டால் அந்தக் கண்டெய்னரை அழித்துவிட்டு உங்கள் ப்ளேபுக்கில் எழுதிக் கட்டுங்கள்.

பேக்கப்பும், ஹோஸ்ட் போனால் செய்ய வேண்டியதும்

ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் தனி மென்பொருள், இலவசம், 8007 போர்ட்டில் ஓடும். இதைச் சேர்க்காமல் ப்ராக்ஸ்மாக்ஸை மதிப்பிடுவதே அநியாயம். மெஷின் டிஸ்க்கை 4 எம்பி துண்டுகளாக வெட்டி, ஏற்கெனவே இருக்கும் துண்டை மறுபடி சேமிப்பதில்லை. ஓடும் மெஷினில் மாறிய பகுதிகளை மட்டும் குறித்து வைத்திருப்பதால் தினசரி பேக்கப் பெரும்பாலும் ஓரிரு நிமிடம்தான். மெஷினை அணைத்து எழுப்பினால் அந்தக் குறிப்பு போய்விடும்; அடுத்த பேக்கப் முழு டிஸ்க்கையும் படிக்கும், ஆனால் மாறியதை மட்டுமே அனுப்பும். நேரம் திடீரென்று கூடினால் பதற வேண்டாம்.

தினசரி 7, வாரம் 4, மாதம் 6 என்று வைத்துக்கொள்வது வீட்டுக்குப் போதுமானது. ப்ரூன் (பழைய பேக்கப்புகளைக் கழிப்பது) செய்தவுடன் இடம் கிடைக்காது. அது பட்டியலை மட்டுமே நீக்கும். கார்பேஜ் கலெக்ஷன் ஓடினால்தான் துண்டுகள் அழியும், அதிலும் ஒரு நாளுக்குள் தொடப்பட்டவற்றை அது விட்டுவைக்கும். டிஸ்க் நிரம்பிய பின் அவசரமாக இடம் பிடிக்க முடியாத அமைப்பு இது. குறியாக்கம் இயக்கினால் சாவியைக் காகிதத்தில் அச்சிட்டு வையுங்கள். சாவி இல்லாத பேக்கப் பேக்கப்பே இல்லை.

எது சேர்கிறது, எது சேர்வதில்லை என்பதில் இடைமுகம் போதுமான அளவு எச்சரிப்பதில்லை. இது இந்தப் பொருளின் மேல் வைக்கக்கூடிய நியாயமான புகார். கண்டெய்னருக்குள் மவுண்ட் செய்த ஹோஸ்ட் கோப்புறை பேக்கப்பில் சேராது. பெரும்பாலும் புகைப்படங்கள் அங்கேதான் இருக்கும். கண்டெய்னரின் கூடுதல் டிஸ்க் பகுதிகளும், பேக்கப் பெட்டியை டிக் செய்யாவிட்டால் சேராது. மெஷினுக்கு நேரடியாகக் கொடுத்த 8 டிபி வன்தட்டு நேர்மாறு. விலக்காவிட்டால் முழுதாகச் சேர்ந்து இலக்கை நிரப்பும். தரவுத்தளங்களுக்கு ஸ்னாப்ஷாட்டோடு நிற்காமல் தனி டம்ப்பும் எடுங்கள்.

இப்போது ஹோஸ்ட். ஈடிசிக்குள் இருக்கும் பிவிஇ கோப்புறை உண்மையில் ஒரு எஸ்க்யூலைட் கோப்பின் நிழல். சர்வர் எழாதபோது டிஸ்க்கை வேறு கணினியில் மாட்டிப் பார்த்தால் அந்தக் கோப்புறை காலியாக இருக்கும். உண்மையானது வார்-லிப் அடியில் பிவிஇ-கிளஸ்டர் கோப்புறையில் உள்ள கன்ஃபிக் டிபி கோப்பு. அதையும், ஓடும்போது பிவிஇ கோப்புறையின் நகலையும், நெட்வொர்க், ஹோஸ்ட்ஸ், எஃப்எஸ்டேப் கோப்புகளையும் தினமும் ஒரு டார் கோப்பாக வெளியே அனுப்புங்கள். சில எம்பி தாண்டாது.

8.2-லிருந்து தானியங்கி நிறுவல் இருக்கிறது. டிஸ்க் எது, ஐபி என்ன, எஸ்எஸ்ஹெச் சாவி எது என்று ஒரு டோம்ல் கோப்பில் (முதலில் சொன்ன பதில் கோப்பு இதுதான்) எழுதி ஐஎஸ்ஓவோடு சேர்த்துவிட்டால் இன்ஸ்டாலர் கேள்வி கேட்காது. டிஸ்க்கை சாதனப் பெயரால் குறிக்காமல் சீரியல் எண்ணால் வடிகட்டுங்கள். பெயர் தள்ளிப்போனால் தரவு டிஸ்க்கின் மேல் ஏறி நிறுவிவிடும். கேள்வி கேட்காத இன்ஸ்டாலர் எச்சரிக்கவும் செய்யாது. பிறகு ஆன்சிபிள்: களஞ்சியம், கார்டு பெயர், இசட்எஃப்எஸ் வரம்பு, யூபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் நட் மென்பொருள், பேக்கப் சர்வரின் கைரேகையோடு சேமிப்பக வரையறை. அதன்பின் மீட்பு. ஒரு கிகாபிட் கேபிளில் விநாடிக்கு ஏறக்குறைய 110 எம்பி என்று கொண்டால் 100 ஜிபி வருவதற்குக் கால் மணி நேரம். பேக்கப் சர்வர் இதே பெட்டிக்குள் ஒரு மெஷினாக இருந்தால் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. பழைய கணினி ஒன்றாவது தனியாக வேண்டும்.

8-லிருந்து 9-க்கு வருபவர்கள் பிவிஇ8டு9 சோதனை ஸ்கிரிப்ட் சொல்லும் சிவப்பு வரிகளை எல்லாம் தீர்த்துவிட்டு ஆரம்பிக்கவும். வலைப்பக்கத்தின் ஷெல்லில் மேம்படுத்தினால் பாதியில் அந்தப் பக்கமே மறுதொடக்கம் ஆகும். எஸ்எஸ்ஹெச்சில் டிமக்ஸ் (இணைப்பு அறுந்தாலும் கட்டளையை ஓடவிடும் கருவி) வைத்து ஓட்டுங்கள். 9-ல் விஎம் மானிட்டர் என்ற உரிமை நீக்கப்பட்டிருக்கிறது. பழைய டெல்மேட் ப்ரொவைடர் அந்த உரிமை இருக்கிறதா என்று பார்த்து நின்றுவிடுவதால், மேம்படுத்தலுக்கு முன்பே பிபிஜிக்கு மாறிவிடுவது வேலை மிச்சம்.

மாற்று என்று யோசித்தால் இன்கஸ் ஒன்றுதான் நேரடிப் போட்டி. கண்டெய்னர்களையும் மெஷின்களையும் நடத்தும் எல்எக்ஸ்டியிலிருந்து 2023-ல் பிரிந்தது, டெபியன் 13-லேயே தொகுப்பாகக் கிடைக்கிறது, இருக்கும் டெபியன் மேலேயே ஏறும் என்பதால் ஹோஸ்ட்டை ஆன்சிபிளில் அடக்குவது அதில் இன்னும் சுலபம். ஆனால் பேக்கப் சர்வருக்கு ஈடான துணை அதற்கு இல்லை. அந்த ஒன்றுக்காகவே தராசு ப்ராக்ஸ்மாக்ஸ் பக்கம் சாய்கிறது. பேக்கப்பை ரெஸ்டிக்கில் ஏற்கெனவே முடித்து வைத்திருப்பவர்கள் இன்கஸை முதலில் பார்க்கலாம்.